டர்பனில் டிராஃப்ட்ஸ்மேன் வேலைக்கு சிவியைத் திருத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து டிராஃப்ட்ஸ்மேன் வேலை, அதாவது கட்டடம், இயந்திரம் போன்றவற்றுக்கு வரைபடம் வரையும் வேலை தேடும் தம்பி தங்கைகளின் சிவிக்களைத் தொடர்ந்து பார்த்துத் திருத்திக் கொடுத்து வருகிறேன். பலருக்குத் தொழில் நன்றாகவே தெரியும். ஆனால் அவர்கள் எழுதிய சிவியைப் படித்தால் அது தெரியாது. மாதிரி சிவி ஒன்றை இறக்கிக்கொண்டு கட்டங்களை நிரப்பத் தொடங்கிவிடுகிறார்கள். 'கடின உழைப்பாளி', 'விரைவில் கற்றுக்கொள்பவர்' என்று மேல் பாதி முழுக்க நிரம்பிவிடும்.

டிராயிங் ஆபீஸ் தலைவர் தேடுவது வேறு. என்ன வரைந்தாய், எதில் வரைந்தாய், யார் சரிபார்த்தார், அதை வைத்துக் கட்டினார்களா? இதற்குப் பதில் திரட்டிய பிறகுதான் எழுத உட்கார வேண்டும். அதனால் இந்த வழிகாட்டியில் எழுதும் வேலை ஐந்தாவது படியில்தான் தொடங்குகிறது. முதல் நான்கைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

1. எந்தத் துறை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஆர்க்கிடெக்சுரல், ஸ்ட்ரக்சுரல், சிவில், மெக்கானிக்கல், பைப்பிங், எலெக்ட்ரிக்கல் என்று வேலை பிரிந்துதான் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே சிவி அனுப்பினால் எதிலும் ஆழமில்லாதவர் என்றே தோன்றும்.

டர்பன் பக்கம் வேலை எங்கே இருக்கிறது என்பதும் இந்த முடிவைப் பாதிக்கும். ஜேக்கப்ஸ், பிராஸ்பெக்டன், பைன்டவுன் தொழிற்பேட்டைகளில் ஸ்டீல் ஃபேப்ரிகேஷன் (இரும்பை வெட்டிப் பொருத்தித் தயாரிப்பது), இயந்திர வேலைகள். வடக்கே உம்ஷ்லாங்கா, கார்னூபியா பக்கம் கட்டட வேலைகள். சர்க்கரை ஆலைகளும் ரிச்சர்ட்ஸ் பே தொழிற்சாலைகளும் மெக்கானிக்கல், பைப்பிங் தெரிந்தவர்களுக்கு. உங்கள் அனுபவம் இரண்டு துறைகளில் இருந்தால் இரண்டு சிவி வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது வேண்டாம்.

2. காகிதங்களை இப்போதே தொடங்கி வையுங்கள்

வெளிநாட்டுச் சான்றிதழை இங்கே மதிப்பிடுவது சாக்வா என்னும் அரசு அமைப்பு. உங்கள் பாலிடெக்னிக் டிப்ளமாவோ ஐடிஐ டிராஃப்ட்ஸ்மேன் சான்றிதழோ இந்த நாட்டின் தகுதி வரிசையில் எந்த நிலைக்குச் சமம் என்று அது எழுதித் தரும். அந்த வரிசை 1 முதல் 10 வரை போகிறது. இங்கே மெட்ரிக் (பள்ளி இறுதித் தேர்வு) 4, நேஷனல் டிப்ளமா 6, பட்டம் 7. மதிப்பீடு வர நாளாகும் என்பதால் இதுதான் முதல் வேலை. வரும்வரை 'சாக்வா மதிப்பீட்டுக்கு விண்ணப்பித்துள்ளேன்' என்று சிவியில் எழுதலாம். ஆனால் நிலை எண்ணை நீங்களே ஊகித்துப் போடாதீர்கள்.

நம்மவர்கள் அதிகம் தடுமாறுவது பெயரில். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கும், டிப்ளமாவில் வெறும் இனிஷியல் இருக்கும், அனுபவச் சான்றிதழில் வேறு எழுத்துக்கூட்டல் இருக்கும். மூன்றும் ஒரே ஆள்தானா என்ற சந்தேகம் மனிதவளப் பிரிவுக்கு வந்துவிட்டால் கோப்பு ஓரமாகப் போய்விடும். சிவியில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரைப் போடுங்கள். கல்விப் பகுதியில், சான்றிதழில் பெயர் எப்படி இருக்கிறது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

விசா நிலையையும் மறைக்க வேண்டாம். எந்த வகை, எந்தத் தேதி வரை செல்லும் என்று ஒரே வரி போதும். சொல்லாமல் விட்டால் அவர்கள் மோசமானதையே நினைத்துக்கொள்வார்கள்.

3. சிவிக்கு முன் ஒரு டிராயிங் பட்டியல்

எனக்கு மிக முக்கியமான படி இதுதான். ஒரு எக்செல் தாளைத் திறந்து, நீங்கள் வேலை செய்த ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு வரிசை போடுங்கள். கட்டடம் அல்லது இயந்திரத்தின் வகை, இடம், ஆண்டு, நீங்கள் வரைந்த தாள்களின் வகை, எண்ணிக்கை, தாள் அளவு, மென்பொருள், சரிபார்த்தவரின் பதவி, கடைசியாக என்ன ஆனது. அங்கீகாரமா, ஃபேப்ரிகேஷனா, ஆஸ்-பில்ட்டா (கட்டி முடித்தபடி வரைந்த தாளா) என்று எழுதுங்கள்.

நினைவிலிருந்து எழுதினால் 'பல திட்டங்கள்' என்றுதான் வரும். பட்டியல் போட்டால் 'மூன்று மாடி மருத்துவமனை, ஃபவுண்டேஷன் முதல் ரூஃப் ஸ்லாப் வரை ரீபார் (கான்கிரீட்டுக்குள் வரும் கம்பி) டீட்டெய்ல், 42 தாள், ஏ1' என்று வரும். இரண்டாவதைப் படிப்பவருக்குக் கேள்வி கேட்கத் தோன்றும். நேர்காணலுக்குக் கூப்பிடுவதே அதனால்தான்.

எண்ணிக்கை சரியாகத் தெரியாவிட்டால் 'சுமார்' என்று போடுங்கள். கூட்டிச் சொல்ல வேண்டாம். நாற்பது தாள் வரைந்தவரிடம் கேட்கும் கேள்விக்கு நாலு தாள் வரைந்தவரால் பதில் சொல்ல முடியாது.

இன்னொன்று: நீங்கள் புதிதாக வரைந்தது, இன்னொருவர் வரைந்ததைத் திருத்தியது, ரெட்லைன் (சரிபார்த்தவர் குறித்துக் கொடுத்த திருத்தம்) பார்த்து ஏற்றியது ஆகியவற்றைத் தனித்தனியாகக் குறியுங்கள். திருத்த வேலை தாழ்ந்தது என்று பலர் மறைக்கிறார்கள். ரிவிஷனைப் பிழையில்லாமல் ஏற்றி, மாறிய இடத்தைச் சுற்றி கிளவுட் (மேக வடிவக் கோடு) போட்டு, டிரான்ஸ்மிட்டல் (தாள்களோடு போகும் பட்டியல்) அனுப்பத் தெரிந்த ஆள் எந்த டிராயிங் ஆபீசுக்கும் தேவை.

4. விளம்பரத்தைப் பிரித்துப் படியுங்கள்

உங்கள் துறையில் பிநெட், லிங்க்ட்இன் போன்ற வேலைவாய்ப்புத் தளங்களில் வந்த விளம்பரங்களைச் சேர்த்து, திரும்பத் திரும்ப வரும் சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பதவிப் பெயர் டிராஃப்ட்ஸ்பெர்சன், டிராஃப்ட்ஸ்மேன், ஸ்டீல் டீட்டெய்லர், கேட் ஆப்பரேட்டர் என்று மாறி மாறி வரும். அந்த விளம்பரத்தில் எது இருக்கிறதோ அதையே சிவியின் தலைப்பில் போடுங்கள். பல நிறுவனங்களில் மனிதர் பார்ப்பதற்கு முன் தேடல் பெட்டிதான் பார்க்கிறது.

அப்புறம் ஒவ்வொரு தேவைக்கும் எதிரே மூன்றாம் படியின் பட்டியலிலிருந்து ஒரு திட்டத்தை எழுதுங்கள். ஐந்து தேவைகளில் மூன்றுக்கு ஆதாரம் இருந்தால் விண்ணப்பியுங்கள். ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் அந்த நேரத்தை வேறு விளம்பரத்துக்குச் செலவிடலாம்.

5. முதல் பக்கத்தின் மேல் பாதி

பெயர், பதவி, தொலைபேசி, மின்னஞ்சல், எந்தப் பகுதியில் வசிக்கிறீர்கள், விசா நிலை, ஓட்டுநர் உரிமம், எப்போது சேர முடியும். இவ்வளவுதான். சைட் போய் அளவெடுக்கும் வேலை என்றால் உரிமம் பெரிய விஷயம். இங்கே சாதாரணக் காருக்கான உரிமத்தைப் பழக்கத்தில் 'கோட் 8' (Code 8) என்பார்கள்.

பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, முழு வீட்டு முகவரி, அப்பா பெயர், மதம், திருமண நிலை எல்லாம் வேண்டாம். ஊரில் போட்டுப் பழகியிருப்போம். இங்கே தனிநபர் தகவல் பாதுகாப்புக்கு 'பொபியா' என்று ஒரு சட்டம் 2013-லேயே இயற்றப்பட்டிருக்கிறது. நிறுவனத்துக்குத் தேவைப்பட்டால் பிறகு கேட்டு வாங்கிக்கொள்வார்கள். அடையாள எண் உள்ள சிவி பத்துப் பேர் கைக்குப் போவது உங்களுக்குத்தான் ஆபத்து.

அதன் கீழே சுருக்கம், மூன்று வரி. எத்தனை ஆண்டு, எந்த வகைத் தாள், எந்த மென்பொருள், எந்தத் தரவிதி. பண்புகளைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம்.

6. அனுபவ வரிகள்

ஒவ்வொரு வரியிலும் நான்கு விஷயம் இருக்கட்டும்: பொருள், தாள் வகை, கருவி, முடிவு. அடிக்கடி பார்க்கும் வரி இது:

'ஆட்டோகேடில் டிராயிங் தயாரிப்பது, சீனியர்களுக்கு உதவுவது என் பொறுப்பு.'

அதே ஆளின் பட்டியலைப் பார்த்து எழுதியது இது:

'30 மீட்டர் ஸ்பான் கிடங்கு ஒன்றுக்கு டெக்லா மென்பொருளில் மாடல் செய்து, ஜிஏ (ஒட்டுமொத்த அமைப்பு), அசெம்பிளி, சிங்கிள் பார்ட் தாள்கள் எடுத்தேன். போல்ட் பட்டியலும் நானே தயாரித்தேன். பொறியாளர் சரிபார்த்த பின் ஃபேப்ரிகேஷனுக்குப் போனது.'

இரண்டும் ஒரே வேலைதான். முதல் வரியை யார் வேண்டுமானாலும் எழுதலாம். இரண்டாவதைச் செய்தவரால் மட்டுமே எழுத முடியும், படிப்பவருக்கும் அது தெரியும்.

சரிபார்த்தவரைக் குறிப்பிட ஏன் சொல்கிறேன் என்றால், டிராஃப்ட்ஸ்மேன் தனியாக இயங்குபவரல்ல. செக்கருடன் வேலை செய்து பழகியவர், திருத்தத்தை முகம் சுளிக்காமல் ஏற்பவர் என்பதை அந்த ஒரு சொல் காட்டிவிடும்.

கடைசி வேலை மேலே வரட்டும். பத்தாண்டுக்கு முந்தையதை ஒரு வரியில் முடியுங்கள். மொத்தம் இரண்டு பக்கம், அனுபவம் அதிகமானால் மூன்று. இடையில் ஓராண்டு வேலையில்லை என்றால் காரணத்தை நேரடியாக எழுதுங்கள். குடும்பத்தோடு நாடு மாறியது ஒரு குறையல்ல.

7. மென்பொருள்: நட்சத்திரம் வேண்டாம்

ஆட்டோகேடுக்கு ஐந்தில் நாலு நட்சத்திரம், ரெவிட்டுக்கு மூன்று என்று படம் போடுகிறார்கள். அதிலிருந்து யாருக்கும் எதுவும் தெரியாது. எந்தப் பதிப்பு, எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்று எழுதுங்கள். 'ஆட்டோகேட்: எக்ஸ்ரெஃப், ஷீட் செட், டைனமிக் பிளாக், சிடிபி கோப்பு அமைத்தல்.' 'ரெவிட்: ஃபேமிலி உருவாக்குதல், ஷெட்யூல் எடுத்தல்.'

பயிற்சி வகுப்பில் மட்டும் கற்றதை 'பயிற்சி அளவில்' என்று தனியாக வையுங்கள். பல ஆபீஸ்களில் நேர்காணலன்றே கணினி முன் உட்கார வைத்து ஒரு தாளை வரையச் சொல்வார்கள்.

இங்கே உருவான மென்பொருள்களும் புழக்கத்தில் இருக்கின்றன. ஸ்ட்ரக்சுரல் ஆபீஸ்களில் ப்ரோகான், சாலை, வடிகால் வேலைகளில் சிவில் டிசைனர், சர்வே சார்ந்த இடங்களில் மாடல் மேக்கர். விளம்பரத்தில் இவை வந்தால், தெரியாததைத் தெரியும் என்று போடாமல், அதற்கு இணையாக நீங்கள் செய்ததை எழுதுங்கள். சிவில் 3டி-யில் ரோட் லாங் செக்ஷன் எடுத்தவருக்குச் சிவில் டிசைனரைச் சொல்லிக்கொடுக்க முடியும் என்று அவர்களுக்கே தெரியும்.

8. இந்தியத் தரத்திலிருந்து இங்குள்ள தரத்துக்கு

ஊரிலிருந்து வருபவர்களின் சிவி பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பின்தங்குகிறது. ஐஎஸ் 456 (இந்தியக் கான்கிரீட் விதி), ஐஎஸ்எம்பி 250 (இந்திய ஸ்டீல் பீம் வகை) என்று மட்டும் எழுதினால் படிப்பவர் 'இவருக்கு ஆரம்பத்திலிருந்து சொல்லித்தர வேண்டும்' என்று முடிவு கட்டிவிடுவார். உங்கள் அனுபவத்தை மாற்ற வேண்டாம். பக்கத்தில் இங்குள்ள தரவிதியைப் படித்ததற்கு அடையாளம் இருக்கட்டும். அதற்கு முதலில் உண்மையாகவே படிக்க வேண்டும்.

கட்டடப் பிளானுக்கு எஸ்.ஏ.என்.எஸ். (தென்னாப்பிரிக்கத் தேசியத் தரவிதி) 10400. அதில் எக்ஸ்ஏ பகுதி எரிசக்திச் சிக்கனம் பற்றியது. ரீபார் வளைப்பு, ஷெட்யூலுக்கு எஸ்.ஏ.என்.எஸ். 282. நாம் டி12 என்று எழுதும் 12 மில்லிமீட்டர் கம்பியை இங்கே ஒய்12 என்றும், 10 மில்லிமீட்டர் மைல்ட் ஸ்டீல் கம்பியை ஆர்10 என்றும் குறிப்பார்கள். ஸ்டீல் பிரிவுகளை 203x133x25 என்பதுபோல் ஆழம், அகலம், மீட்டருக்கு எடை என்று எழுதுவார்கள். ஸ்டீலின் தரம் பெரும்பாலும் எஸ்355ஜேஆர்.

நகராட்சிக்குப் போகும் பிளானில் வண்ணமும் முறைப்படி வர வேண்டும். புதுச் செங்கல் சுவர் சிவப்பு, கான்கிரீட் பச்சை, இரும்பு நீலம், மரம் மஞ்சள், ஏற்கெனவே இருப்பது சாம்பல். உங்கள் மாதிரித் தாள் இப்படி இருந்தால், ஒரு சொல் சொல்லாமலே நீங்கள் தயார் என்று புரிந்துவிடும்.

ஆர்க்கிடெக்சுரல் துறைக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கட்டடக்கலைத் தொழிலுக்கு சாகாப் என்னும் மன்றம் இருக்கிறது, 2000-ஆம் ஆண்டின் 44-ஆம் சட்டப்படி. அதில் ஆர்க்கிடெக்சுரல் டிராஃப்ட்ஸ்பெர்சன் என்றே ஒரு பதிவு வகை உண்டு. பதிவு இல்லாமல் சிவியில் 'ஆர்க்கிடெக்ட்' என்று போட்டுவிடாதீர்கள். ஊரில் பிஆர்க் முடித்திருந்தாலும் சரி, இங்கே அது பதிவு பெற்றவர்க்கு மட்டும் உரிய பட்டம். பதிவுக்கு விண்ணப்பித்திருந்தால் அதை எழுதுங்கள்.

9. போர்ட்ஃபோலியோ

சிவி தனிக் கோப்பு, போர்ட்ஃபோலியோ தனிக் கோப்பு. ஆறு முதல் பத்துத் தாள் போதும். சிவியில் சொன்ன திட்டங்களுக்கே தாள் காட்டுங்கள். தொடர்பில்லாத அழகான ரெண்டர் படம் ஒன்றைச் சேர்த்தால் கவனம்தான் சிதறும்.

பழைய நிறுவனத்தின் தாளை அப்படியே அனுப்பாதீர்கள். எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கிடைக்காவிட்டால் அதே வகை வேலையைச் சொந்தமாகப் புதிதாக வரையுங்கள். வாடிக்கையாளர் பெயரை அழித்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அடுத்த நிறுவனம் அதைப் பார்த்ததும், 'நாளைக்கு நம் தாளையும் இப்படித்தான் கொண்டுபோவார்' என்றுதான் யோசிக்கும்.

ஏ1 தாளை ஏ3-இல் பிடிஎஃப் எடுக்கும்போது அளவுகோல் பாதியாகிவிடும். 1:50 என்று எழுதியிருப்பது உண்மையில் 1:100. டைட்டில் பிளாக்கில் 'ஏ1-இல் 1:50' என்று எழுதி, ஸ்கேல் பார் ஒன்றும் வையுங்கள். ஏ3-இல் எழுத்து படிக்க முடிகிறதா என்று அச்செடுத்துப் பாருங்கள். திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் தெரியும்.

லைன்வெயிட் எல்லாம் ஒரே தடிமனில் இருப்பது அடுத்த பெரிய பிழை. வெட்டுப்பட்ட சுவர் தடித்தும், அளவுக்கோடுகள் மெலிந்தும் இல்லாவிட்டால், வரைந்தவருக்குக் கட்டடம் புரியவில்லை என்று செக்கர் நினைப்பார். பழைய மாணவர் பதிப்பு ஆட்டோகேடில் எடுத்த தாளின் ஓரத்தில் அந்த முத்திரை அச்சாகியிருக்கும், அதையும் பாருங்கள். ஆட்டோகேடின் எஸ்எச்எக்ஸ் எழுத்துரு இருந்தால் பிடிஎஃப்பில் தேவையற்ற குறிப்புப் பெட்டிகள் தோன்றலாம். பிடிஎஃப்எஸ்எச்எக்ஸ் (PDFSHX) என்ற அமைப்பை 0 ஆக்கிவிட்டு மறுபடி எடுங்கள்.

ஒவ்வொரு தாளுக்கும் கீழே இரண்டு வரி: இதில் என் பங்கு என்ன, எது சிக்கலாக இருந்தது. 'படிக்கட்டின் லேண்டிங் பீமுக்கு அடியில் தலை இடிக்கும் என்று கண்டு பொறியாளரிடம் ஆர்எஃப்ஐ (விளக்கம் கேட்கும் கடிதம்) எழுப்பினேன்' என்ற ஒரு வரி, பத்துத் தாளுக்குச் சமம்.

10. அனுபவமே இல்லாதவர்கள்

இங்கேயே பிறந்து, சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ பள்ளி முடித்து, டிவெட் (தொழிற்கல்வி) கல்லூரியில் என்4 முதல் என்6 நிலை வரை படித்த பிள்ளைகளுக்கும் ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கும் இதே வழிதான். தெரிந்தவர் வீட்டை அனுமதியோடு அளவெடுத்து முழுத் தொகுப்பு ஒன்று வரையுங்கள். சைட் பிளான், தரைத்தளம், இரண்டு செக்ஷன், நான்கு எலிவேஷன், வடிகால், கதவு ஜன்னல் ஷெட்யூல். பின்னால் ஒரு அறை கூட்டிக் கட்டுவதாக வைத்துக்கொண்டால் புதியது, பழையது என்று வண்ணமும் காட்டலாம்.

விதிகளோடு ஒத்துப்போக வேண்டும். குடியிருக்கும் அறையின் கூரை உயரம் பொதுவாக 2.4 மீட்டருக்குக் குறையக்கூடாது. படியின் உயரம் 200 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது, மிதி 250-க்குக் குறையக்கூடாது. இந்த எண்களில் ஒன்று தவறினால் மற்ற உழைப்பை யாரும் பார்க்க மாட்டார்கள். இதைச் 'சொந்தப் பயிற்சித் திட்டம்' என்று தெளிவாகப் பெயரிட்டு சிவியில் அனுபவ இடத்தில் வைக்கலாம். வேலை அனுபவம் போல் காட்டக்கூடாது.

11. பரிந்துரைப்பவர்கள்

இங்கே தொடர்புகொள்ளக்கூடிய இரண்டு மூன்று பேரைக் கேட்பது வழக்கம், கூப்பிட்டும் பேசுவார்கள். முன்னாள் சீனியர் ஊரில் இருந்தால் வாட்ஸ்அப் எண்ணும், பேச வசதியான நேரமும் வாங்குங்கள். இந்தியா மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. டர்பனில் பிற்பகல் மூன்று மணி என்றால் அங்கே மாலை ஆறரை. அவர் அனுமதி இல்லாமல் எண்ணைப் போடாதீர்கள். உறவினரைப் போடவே வேண்டாம்.

12. அனுப்புவது

இரண்டு கோப்பும் பிடிஎஃப். பெயர், பதவி, ஆண்டு என்று கோப்புக்குப் பெயர் வையுங்கள். 'நியூ சிவி ஃபைனல் 2' என்று வந்தால், டிராயிங் கோப்புக்கும் இப்படித்தான் பெயர் வைப்பார் போல என்று எண்ண இடமுண்டு. போர்ட்ஃபோலியோ 5 எம்பிக்குள் இருக்கட்டும்.

விண்ணப்பப் படிவத்தில் எம்ப்ளாய்மென்ட் ஈக்விட்டி (வேலையில் சமவாய்ப்புக்காக இனப்பிரிவைக் கேட்கும்) கட்டம் வந்தால், 'இந்தியன்' என்பதைப் பார்த்ததும் டிக் செய்துவிடாதீர்கள். அது இந்நாட்டுக் குடிமக்களின் பிரிவு. நீங்கள் இந்தியப் பாஸ்போர்ட்டில் இருந்தால் வெளிநாட்டவர் என்பதுதான் சரி.

வேலை வாங்கித் தருகிறேன், பதிவுக்கட்டணம் கட்டுங்கள் என்று யாராவது கேட்டால் விலகிவிடுங்கள். வேலை தேடுபவரிடம் அப்படிப் பணம் வாங்குவதை 2014-ஆம் ஆண்டின் 4-ஆம் சட்டமே தடுக்கிறது.

காலமும் பாருங்கள். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி தொடக்கம் வரை கட்டுமானத் துறை முழுக்க பில்டர்ஸ் ஹாலிடே என்னும் ஆண்டு விடுமுறை. அப்போது அனுப்பியது மற்ற மின்னஞ்சல்களுக்கு அடியில் போய்விடும். அந்த வாரங்களில் போர்ட்ஃபோலியோவைச் சீர்செய்து, ஜனவரி நடுவில் அனுப்புங்கள். ஒரு வாரம் கழித்து ஒருமுறை தொலைபேசியில் கேளுங்கள். பதில் வராத விண்ணப்பங்கள் கூடிக்கொண்டே போனால் எழுத்துருவையும் நிறத்தையும் மாற்றிக்கொண்டிருக்காமல், நான்காவது படிக்குத் திரும்பி, விளம்பரத்துக்கு எதிரே எந்த வரி வெறுமையாக இருக்கிறது என்று பாருங்கள். அடுத்து நீங்கள் கற்க வேண்டியதும் வரைய வேண்டியதும் அதுதான்.